வீட்டுக் கருவியில் மூளை அலைகளைப் பதிவு செய்தல்: முழுமையான வழிகாட்டி

தலைப்பட்டையை மாட்டி செயலியைத் திறந்ததுமே திரையில் கோடுகள் நெளியத் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பகுதி மூளையிலிருந்து வருவதில்லை. கண் சிமிட்டல், தாடைத் தசை, கழுத்து, வியர்வை, சுவருக்குள் ஓடும் மின்கம்பி எல்லாம் அதில் கலந்திருக்கும். தலைத்தோல் வரை வந்து சேரும் மூளையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரோவோல்ட். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியோடு ஒப்பிட்டால், 50 மைக்ரோவோல்ட் என்பது அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கண் சிமிட்டலோ நெற்றியில் 100, 200 மைக்ரோவோல்ட்டைத் தாராளமாகத் தாண்டும். எனவே இ.இ.ஜி. எனப்படும் இந்த மூளை அலைப் பதிவில் பாதி உழைப்பு, வந்திருப்பது மூளையின் சிக்னல்தான் என்று உறுதி செய்துகொள்வதற்கே போகும். போகவும் வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

தொடங்கும் முன் பாதுகாப்பு

தலையில் மின்முனைகள் (தோலைத் தொட்டு சிக்னலை எடுக்கும் முனைகள்) இருக்கும்போது கருவி பேட்டரியில் மட்டுமே இயங்க வேண்டும். சார்ஜரில் செருகியபடி பதிவு செய்யக் கூடாது. கருவி கணினியோடு கம்பியால் இணைவதாக இருந்தால், கணினியின் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். பழுதான ஒரு சார்ஜர் போதும், வீட்டு மின்சாரம் தலைக்கு வழி கண்டுபிடிக்க. இ.இ.ஜி. கருவி கேட்க மட்டும் செய்கிறது, மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை. மின்னோட்டம் செலுத்தும் தூண்டல் கருவிகள் வேறு வகை. இரண்டையும் ஒரே தலையில் சேர்த்து மாட்ட வேண்டாம். உடலுக்குள் மின்கருவி பொருத்தப்பட்டவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். வலிப்பு வந்தவர்கள் பின்னால் வரும் மினுக்கும் ஒளிச் சோதனையை அறவே தவிர்க்க வேண்டும்.

எந்தக் கருவி எதற்கு ஆகும்

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிட மூன்று விவரங்களே முக்கியம்: மின்முனைகள் தலையில் எங்கே உட்காருகின்றன, மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது, ஹெர்ட்ஸ் கணக்கில்) எவ்வளவு, பதப்படுத்தாத மூலத் தரவை வெளியே எடுக்க முடியுமா.

நியூரோஸ்கை மைண்ட்வேவ் நெற்றியில் ஒரே ஒரு மின்முனை, காதுமடலில் ஒரு கிளிப், நொடிக்கு 512 மாதிரி என்ற அமைப்பு. கண் சிமிட்டலைப் படிக்கக் கற்றுக்கொள்ள நல்லது, அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. மியூஸ் 2 நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு என நான்கு சேனல் (தனித்தனிப் பதிவுக் கோடு) தரும். மாதிரி வீதம் 256 ஹெர்ட்ஸ், ரெஃபரன்ஸ் (மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கும் மின்முனை) நெற்றியின் நடுவில். எமோட்டிவ் எபோக் வரிசை 14 சேனல்களை உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளால் எடுக்கிறது. தலையின் பரப்பை நன்றாக மூடும், ஆனால் பஞ்சு காயக் காய சிக்னல் தரம் இறங்கும். எமோட்டிவ் வாங்குவோர் மூலத் தரவுக்கான உரிம நிபந்தனைகளை முன்பே படித்துவிட வேண்டும்.

நினைத்த இடத்தில் மின்முனை வைக்க வேண்டுமென்றால் ஓபன்பிசிஐ பலகைகள். சைட்டனில் 8 சேனல், 24 பிட், 250 ஹெர்ட்ஸ். அதன் உள்ளே இருக்கும் ஏடிஎஸ்1299 என்ற சில்லு இ.இ.ஜி.க்காகவே வடிவமைக்கப்பட்டது. டெய்சி இணைப்புப் பலகையைச் சேர்த்தால் 16 சேனல் கிடைக்கும், ஆனால் டாங்கிள் (கணினியில் செருகும் கம்பியில்லா இணைப்பான்) வழியாக மாதிரி வீதம் 125 ஹெர்ட்ஸாகக் குறையும். கேங்லியன் 4 சேனல், 200 ஹெர்ட்ஸ். கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு வருபவருக்கு, 14 சேனல் ஹெட்செட்டைவிட நான்கு கம்பியும் ஒரு குப்பி பேஸ்ட்டும் அதிகம் கற்றுத் தரும் என்பதே எங்கள் கருத்து.

தலையை அளப்பது

மின்முனை இடங்களைக் குறிக்கும் முறைக்குப் 'பத்து-இருபது' (10-20) என்று பெயர். ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்டது. தையல் டேப் போதும். மூக்கின் மேல் முனையில் நெற்றியோடு சேரும் பள்ளம் ஒரு முனை, பின்தலையின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு மறுமுனை. இரண்டுக்கும் நடுவே உச்சி வழியாக அளந்து, அந்த நீளத்தைச் சதவீதமாகப் பிரிக்க வேண்டும்.

நீளம் 36 செ.மீ. என்றால் பின்தலைப் புடைப்பிலிருந்து 10 சதவீதம், அதாவது 3.6 செ.மீ. மேலே நடுப்புள்ளி வரும். அந்த உயரத்தில் தலையைச் சுற்றி அளந்து, சுற்றளவில் 5 சதவீதம் இடப்பக்கம் தள்ளினால் ஓ1, வலப்பக்கம் தள்ளினால் ஓ2. சுற்றளவு 56 செ.மீ. ஆனால் 2.8 செ.மீ. தள்ள வேண்டும். பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணி இந்த இடத்தின் அடியில்தான் இருக்கிறது. கை அசைவைப் பதிவு செய்ய வேறு இடம்: காதுக்கு முன்னாலுள்ள பள்ளம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உச்சி வழியாக அளந்து, நடு உச்சியிலிருந்து அந்த நீளத்தின் 20 சதவீதம் இடப்பக்கம் சி3, வலப்பக்கம் சி4. அளவு 35 செ.மீ. என்றால் 7 செ.மீ. இடப்பெயர்களில் ஒற்றை எண் இடப்பக்கத்தைக் குறிக்கும், இரட்டை எண் வலப்பக்கத்தை.

தோலும் தொடர்பும்

பதிவு கெட்டுப்போவதில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான். தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களும் எண்ணெய்ப் பசையும் மின்சாரத்துக்குத் தடை. முந்தின இரவோ அன்று காலையோ தலைக்குக் குளித்து, எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல் முடியை முழுக்கக் காயவிடுங்கள். மின்முனை வைக்கும் இடத்தில் முடியைச் சீப்பின் நுனியால் வகிடுபோல் பிரித்து, தோல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, தேய்ப்பு ஜெல்லால் ஐந்தாறு முறை மெதுவாகத் தேய்க்க வேண்டும். எரிச்சல் வரும்வரை தேய்ப்பது தவறு.

கிண்ண மின்முனையின் குழியை மின்கடத்தும் பேஸ்ட்டால் சற்று மேடாக நிரப்பி, தோலில் அழுத்தி, மேலே சிறு பருத்தித் துணித் துண்டை ஒட்டினால் நகராது. பேஸ்ட் அதிகமானாலும் கேடுதான். பக்கத்து மின்முனையின் பேஸ்ட்டோடு சேர்ந்துவிட்டால் இரண்டு சேனலும் ஒன்றாகிவிடும், இரண்டு கோடுகளும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி ஓடும். தங்கப் பூச்சு மின்முனையையும் வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையையும் ஒரே பதிவில் கலக்காதீர்கள். இருவேறு உலோகங்கள் உப்புள்ள பேஸ்ட்டில் தொட்டால் ஒரு குட்டி பேட்டரியே உருவாகி, கோடு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

சைட்டனில் காது கிளிப் ஒன்றை எஸ்ஆர்பி2 கீழ்ப் பின்னிலும், மற்றொன்றைப் பயாஸ் கீழ்ப் பின்னிலும், தலை மின்முனைகளைக் கீழ் வரிசைப் பின்களிலும் செருக வேண்டும். முதலாவது ரெஃபரன்ஸ். எல்லா சேனலும் அதை ஒப்பிட்டே அளக்கப்படுகின்றன. இரண்டாவதான பயாஸ், எல்லாச் சேனலிலும் பொதுவாகக் கலக்கும் இரைச்சலைக் குறைப்பது. ரெஃபரன்ஸ் கிளிப் தளர்ந்தால் எட்டுக் கோடுகளும் ஒன்றாகக் குதிக்கும். எல்லாச் சேனலிலும் ஒரே குப்பை வருகிறதென்றால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது காதை.

மின்மறிப்பை (தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடையை) அளக்க முடிந்தால் பேஸ்ட் மின்முனைக்கு 10 கிலோஓமுக்குள் கொண்டுவாருங்கள். 5-க்குள் என்றால் இன்னும் நல்லது. உலர் மின்முனைகளில் அது நூறு கிலோஓமைத் தாண்டுவது சாதாரணம், அதனாலேயே அவை அசைவையும் மின்கம்பி இரைச்சலையும் எளிதில் வாங்கிக்கொள்கின்றன. மியூஸ் போன்ற பட்டைகளில் நெற்றியையும் காதின் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து, தொடும் பரப்பை லேசாக நனைத்து, மாட்டிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். மாட்டிய உடனே தரம் பார்த்து அலுத்துக்கொள்ள வேண்டாம், தோல் அந்த நேரத்தில்தான் ஈரம் பிடிக்கும்.

அறை, கணினி, முதல் ஓட்டம்

முதுகும் கழுத்தும் தளர்வாகச் சாயக்கூடிய நாற்காலி. கைபேசி, சார்ஜர், டேபிள் ஃபேன் எல்லாம் இரண்டு மீட்டருக்கு அப்பால். கம்பிகளைத் தளர்வாகப் பின்னி ஆடையில் குத்திவிடுங்கள், ஆடும் கம்பி ஒவ்வொன்றும் ஒரு போலி அலை. விண்டோஸில் சைட்டன் தரவு விட்டுவிட்டு வந்தால், டாங்கிளின் சீரியல் போர்ட் அமைப்பில் தாமத நேரம் 16 மில்லிநொடி என்றிருப்பதை 1 ஆக்குங்கள்.

நிகழ்நேரத்தில் பார்க்க ஓபன்பிசிஐ ஜியுஐ என்ற மென்பொருள் போதும். பைத்தான் தெரிந்தவர்கள் ப்ரெயின்ஃப்ளோ நூலகத்தைப் பயன்படுத்தலாம், மேற்சொன்ன கருவிகளில் பலவற்றை ஒரே கட்டளை வரிசையில் இயக்கும். அதில் கருவியே இல்லாமல் ஓடும் செயற்கைப் பலகை ஒன்றும் உண்டு. நிரலை முதலில் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டால், தலையில் பேஸ்ட்டோடு பிழை தேடும் அவதி இல்லை. பகுப்பாய்வுக்கு எம்என்இ-பைத்தான் நூலகம்.

வடிகட்டாத சைட்டன் கோடு பல்லாயிரம் மைக்ரோவோல்ட் அளவில் எங்கோ நிற்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அது தோலுக்கும் உலோகத்துக்கும் இடையிலான நிலையான மின்னழுத்தம், மெதுவான மாற்றங்களைத் தடுக்கும் உயரலைக் கடத்தி ஃபில்டர் அதை நீக்கிவிடும். ஆனால் 24 மடங்கு பெருக்கத்தில் இந்தச் சில்லின் எல்லை சுமார் 1,87,500 மைக்ரோவோல்ட். கோடு அந்த எல்லையில் முட்டி நின்றால் மின்முனை கழன்றிருக்கிறது. முட்டி நின்ற பகுதியை எந்த ஃபில்டரும் மீட்காது.

தரவு இடைவெளியின்றி வருகிறதா என்பதையும் பாருங்கள். சைட்டன் ஒவ்வொரு மாதிரிக்கும் 0 முதல் 255 வரை சுழலும் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணில் தாவல் இருந்தால் வானலையில் மாதிரிகள் தொலைந்திருக்கின்றன. அப்படித் தொலைந்த இடங்கள் அலைவரிசைக் கணக்கில் இல்லாத அலைகளைக் காட்டும்.

போலிகளை வரவழைத்துப் பாருங்கள்

முதல் அமர்வை மூளைக்காகச் செலவழிக்காதீர்கள். போலி சிக்னல்களை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உண்டாக்கி, நேரம் குறித்து, வடிவத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடம் போதும், பிறகு எந்தப் பதிவிலும் ஏமாற மாட்டீர்கள்.

ஐந்து நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுங்கள். நெற்றிச் சேனல்களில் கால் நொடி முதல் அரை நொடி வரை நீளும் பெரிய மேடு வரும், பின்தலையில் அது சிறுத்துவிடும். கண்விழியின் முன்பக்கம் நேர்மின்னும் பின்பக்கம் எதிர்மின்னும் கொண்டது. விழி புரள்வதும் இமை மூடுவதும் அந்த மின்புலத்தையே அசைக்கின்றன. தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடம் வலமாக உருட்டினால் நெற்றியின் இரு பக்கமும் எதிரெதிர் திசையில் படிக்கட்டு போல ஏறி இறங்கும். பல்லைக் கடித்தால் கோடு அடர்ந்த புதராகத் தடிக்கும். அது தாடைத் தசை, ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை பரவுவது. புருவத்தைச் சுருக்கினாலும் நெற்றிச் சேனல்களில் இதே புதர்தான். நொடிக்கு ஒருமுறை சீராக வரும் குத்து இதயத்துடிப்பு. பல நொடி நீளமுள்ள மெதுவான அலைவு வியர்வை. 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கூர்முனை உங்கள் நாட்டின் மின்வலை.

இன்னொரு சோதனையும் உண்டு, இதைப் பலரும் செய்வதில்லை. எல்லா மின்முனைகளையும், ரெஃபரன்ஸும் பயாஸும் சேர்த்து, உப்புநீரில் நனைத்த ஒரே துணியில் சுற்றி இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பலகையை நீரிலிருந்து தள்ளி வையுங்கள். 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டியபின் சைட்டனில் ஓரிரு மைக்ரோவோல்ட்தான் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் பல மடங்கு வந்தால் கோளாறு கம்பியிலோ அறையிலோ இருக்கிறது, தலையில் இல்லை.

கண்ணை மூடுங்கள்: ஆல்ஃபா சோதனை

ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலையை முதலில் பதிவு செய்தது 1924-இல், வெளியிட்டது 1929-இல். பலரும் அதைக் கருவிக் கோளாறு என்றே சந்தேகித்தார்கள். பிரிட்டன் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மாத்யூஸும் 1934-இல் அதைத் திரும்பச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சோதனைதான் இன்றும் வீட்டுக் கருவிக்கான உரைகல்: கண்ணை மூடினால் பின்தலையில் 10 ஹெர்ட்ஸை ஒட்டி ஆல்ஃபா என்ற அலை எழும், திறந்தால் அடங்கும்.

ஓ1, ஓ2 இடங்களில் மின்முனை, ரெஃபரன்ஸ் காதில். மியூஸ் என்றால் காதுக்குப் பின்னுள்ள இரண்டு சேனல்கள். எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி 30 நொடி கண் திறப்பு, பிறகு 30 நொடி மூடல், இதுபோல் மாறி மாறி ஆறு சுற்று. ஒரே ஒரு முறை திறந்து மூடி ஒப்பிடாதீர்கள். தூக்கக் கலக்கமும் பேஸ்ட் காய்வதும் நேரத்தோடு மாறுகிறவை, மாறி மாறி எடுத்தால் இரு பக்கமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொரு பகுதியிலும் முதல் இரண்டு நொடிகளை வெட்டி எறியுங்கள், இமை அசைவு அங்கேதான் இருக்கிறது.

கணக்கு இப்படி. சைட்டனின் மூல எண்ணை 0.02235-ஆல் பெருக்கினால் மைக்ரோவோல்ட், 24 மடங்கு பெருக்கத்துக்கு. தொடர் தரவை வெட்டுவதற்கு முன்பே 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டை ஃபில்டர் போடுங்கள். நான்காம் படி பட்டர்வொர்த் (பரவலாகப் பயன்படும் ஒரு ஃபில்டர் வகை) போதும், முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டினால் அலை நேரத்தில் நகராது. பின்பு 4 நொடித் துண்டுகளாக, பாதிப்பாதி மேற்படிந்து, ஹான் சாளரத்தோடு (துண்டின் ஓரங்களை மழுக்குவது) வெல்ச் முறையில் (துண்டுகளின் திறனைச் சராசரி எடுப்பது) அலைவரிசைத் திறனைக் கணக்கிடுங்கள். 4 நொடித் துண்டு என்றால் கால் ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். கலந்த சிக்னலைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கும் தனிக்கூறுப் பகுப்பாய்வால் கண் சிமிட்டலைப் பிரித்தெடுக்கலாம் என்று படித்திருப்பீர்கள். சேனல் எண்ணிக்கைக்கு மேல் கூறுகளைப் பிரிக்க அந்த முறையால் முடியாது என்பதால், நான்கு சேனலில் அதை நம்பி இறங்க வேண்டாம். கெட்ட துண்டைத் தூக்கி எறிவதே நேர்மையான வழி.

8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான திறனை இரு நிலைக்கும் கூட்டிப் பாருங்கள். கண் மூடியபோது இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகி, 10-ஐ ஒட்டி ஒரு தெளிவான முகடு எழுந்து, நெற்றியைவிடப் பின்தலையில் அது பெரிதாக இருந்தால் உங்கள் கருவி மூளையைத்தான் கேட்கிறது. முகடு இல்லாமல் எல்லா அலைவரிசையும் ஒன்றாக உயர்ந்தால் அது அசைவு. சிலருக்கு ஆல்ஃபா இயல்பிலேயே மிகக் குறைவு. ஆகவே ஒரு தலையில் தோற்றால் கருவியைக் குறை சொல்லும் முன் இன்னொரு தலையில் சோதியுங்கள்.

'கவனம்' மதிப்பெண்ணை நம்பலாமா

செயலிகள் 0 முதல் 100 வரை கவனம், அமைதி என்று எண் காட்டும். கணக்கு முறை பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதில்லை. நெற்றியில் எடுக்கும் பீட்டா அலை 13 முதல் 30 ஹெர்ட்ஸ். நெற்றித் தசையின் இரைச்சல் அதே இடத்தில் வந்து விழுகிறது. ஒன்றை உற்றுக் கவனிக்கும்போது புருவம் தானாகச் சுருங்கும், பீட்டா உயர்ந்ததாகத் தெரியும். சோதிப்பது எளிது: எதையும் யோசிக்காமல் புருவத்தை மட்டும் சுருக்கிப் பாருங்கள். எண் ஏறினால் அந்த எண்ணில் எவ்வளவு தசை இருக்கிறது என்று தெரிந்துவிடும். தினசரி ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர விரும்புவோர், மூலத் தரவிலிருந்து ஆல்ஃபா திறனைத் தாங்களே கணக்கிட்டு, ஒரே நேரம், ஒரே இருக்கை, ஒரே மின்முனை இடத்தோடு பதிவு செய்வதே உருப்படியான வழி.

அடுத்து என்ன செய்யலாம்

மினுக்கும் ஒளிச் சோதனை கைகூடுவது எளிது. திரையில் ஒரு கட்டத்தை 12 ஹெர்ட்ஸில் மினுக்கவிட்டுப் பார்த்தால், பின்தலையில் 12-இலும் அதன் இருமடங்கான 24-இலும் கூர்முனை எழும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 10, 12 போன்ற, 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவற்றைத் திரையால் சீராகக் காட்ட முடியாது. ஒளியால் வலிப்பு தூண்டப்படும் ஆபத்து 15 முதல் 25 ஹெர்ட்ஸ் பகுதியில் அதிகம், அந்தப் பக்கமே போக வேண்டாம். தலைவலியோ குமட்டலோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

பி300 என்ற மூளை எதிர்வினையைப் பிடிப்பது கடினம், ஆனால் அழகானது. ஐந்தில் ஒரு முறை மட்டும் வரும் அரிய ஒலியை மனதுக்குள் எண்ணச் சொன்னால், அந்த ஒலி கேட்டு ஏறத்தாழ 300 மில்லிநொடிக்குப் பின் உச்சியின் பின்பகுதியில் ஒரு நேர்மின் மேடு தோன்றும். தனியொரு முறையில் அது கண்ணுக்குத் தெரியாது. சராசரி எடுக்கும்போது இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைவதால், 36 முறை எடுத்தால் இரைச்சல் ஆறில் ஒன்றாகும். இங்கே 1 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஆகாது, மெதுவான மேட்டையே சிதைத்துவிடும். கீழ் எல்லையை 0.1 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். பெரும்பாலான முயற்சிகள் தோற்பது நேரத்தால். புளூடூத் தரவைப் பொட்டலமாக அனுப்புகிறது, மியூஸில் ஒரு பொட்டலத்துக்கு 12 மாதிரி. தாமதம் மாறாமல் இருந்தால் மேடு முழுதாக நகர்ந்து மட்டும் போகும். தாமதம் ஏறி இறங்கினால் சராசரியில் மேடே கரைந்துவிடும். ஒலியின் அடையாளத்தைக் கணினிக் கடிகாரத்தை நம்பிக் குறிக்காமல், ஒலி ஒலித்த கணத்தையே ஒரு உணரி மூலம் பலகையின் தனிச் சேனலில் பதிவு செய்தால் இந்தச் சிக்கல் அகலும்.

கை அசைப்பதாகக் கற்பனை செய்யும் சோதனையில் சி3, சி4 இடங்களில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் அலை குறைவதைத் தேட வேண்டும். வலக் கையை நினைத்தால் இடப்பக்கமான சி3-இல் அதிகம் குறையும். முதலில் கையை உண்மையாகவே மூடித் திறந்து அந்தக் குறைவைக் கண்டுகொண்ட பிறகே கற்பனைக்குப் போங்கள். பலருக்குப் பல அமர்வுகள் தேவைப்படும்.

இந்தக் கருவிகள் எதையும் வைத்து வலிப்பையோ கவனக் குறைபாட்டையோ வேறு எந்த நோயையோ உறுதி செய்ய முடியாது. பதிவில் விசித்திரமான கூர்முனைகள் தெரிந்தால் பெரும்பாலும் அது தளர்ந்த மின்முனை. உடலில் அறிகுறி இருந்தால் பதிவைப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பதிவேடும் பராமரிப்பும்

ஒவ்வொரு அமர்வுக்கும் ஃபில்டர் போடாத மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். கூடவே ஒரு சிறு குறிப்பு: மின்முனை இடம், ரெஃபரன்ஸ், மாதிரி வீதம், பெருக்கம், தூங்கிய நேரம், காபி குடித்ததா இல்லையா, இருமிய நிமிடம். ஆறு மாதம் கழித்து இந்தக் குறிப்பு இல்லாத கோப்பால் ஒரு பயனும் இராது. செயலி தரவை நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்புகிறதா என்று அமைப்புகளில் பார்த்து, தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள். சிலி நாடு 2021-இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. மற்றவர் தலையில் பதிவு செய்தால் அவர் சம்மதம் பெற்று, கோப்பில் பெயருக்குப் பதில் எண் இடுங்கள்.

கிண்ண மின்முனைகளைப் பேஸ்ட் காயும் முன்பே வெதுவெதுப்பான நீரில் கழுவி, மென்மையான பல் துலக்கியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். சுரண்டக் கூடாது, பூச்சு போய்விட்டால் கோடு நகரத் தொடங்கும். கம்பி மின்முனையோடு சேரும் கழுத்துதான் முதலில் உடையும் இடம், அங்கே மடிக்காமல் தளர்ந்த வட்டமாகச் சுற்றித் தொங்கவிடுங்கள்.